பெட்டை ஆட்டின் முட்டை

மேடம் அந்த வேலையை என்னிடம் கொடுத்த காலையில் அறையில் மூன்று பேர் இருந்தோம். துறைத்தலைவியான மேடம், இருபது ஆண்டுகளாக அங்கே டெக்னீஷியனாக இருக்கும், எல்லோரும் சாச்சா என்று கூப்பிடும் பெரியவர், பிறகு நான். அம்மா இல்லை. அந்த நேரத்துக்கு அவள் ஜனக்புரியில் இரண்டாவது வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்திருப்பாள். அந்த வேலையில் பாதியை அவள்தான் செய்யப்போகிறாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. ஆடுகளும் இல்லை. ஏழு ஆடுகள் எங்கேயோ நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

நான் வேலை பார்ப்பது டெல்லியின் ஓரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில், உடற்கூறியல் துறையின் திசுப் பிரிவில். உறுப்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, காகிதத்தைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கான ஸ்லைடாக ஆக்குவது எங்கள் வேலை. அப்பா பெயின்ட் அடிப்பவர். அம்மா மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். இருவரும் விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இருவருக்கும் கையெழுத்து மட்டும் போட வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இரண்டு பஸ் மாறி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் பன்னிரண்டாவது வரை படித்தேன், அதற்குமேல் லேப் டெக்னீஷியன் டிப்ளமா. முதல் நாள் போட்டுக்கொண்டு போக வாங்கிய வெள்ளைக் கோட்டுக்கு அம்மா இரண்டு முறை இஸ்திரி போட்டாள். முதல் முறையே நன்றாகத்தான் இருந்தது.

மேடம் தமிழ்க்காரர். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

"அச்சா, சுனோ. இந்த ஓவரி ஸ்லைடெல்லாம் பாரு. எல்லாம் வெளுத்துப் போயிடுத்து. பசங்க பாத்துட்டு என்கிட்ட வந்து, மேடம், இது ஓவரியா, ஊறுகாக் கறையான்னு கேக்கறா."

பெட்டியைத் திறந்து காட்டினார். நிஜமாகவே ஊறுகாய்க் கறைபோலத்தான் இருந்தன.

"ஆபீஸ்ல என்ன சொல்றான்னா, ரெடிமேடா வெளியில வாங்கிக்கலாம், அப்புறம் எதுக்கு ரெண்டு டெக்னீஷியன்கறா. உன் காண்ட்ராக்ட் ஜூன் கடைசியோட முடியறது. பர்மனென்ட் பண்ணுங்கோன்னு நான் லெட்டர் எழுதணும்னா என் கையில ஒரு காரணம் வேணும். ஐம்பது ஸ்லைடு. ஒவ்வொண்ணுலயும் கிராஃபியன் ஃபாலிக்கிள் இருக்கணும், அதுக்குள்ள முட்டை தெரியணும். முட்டை இல்லாத ஓவரி எனக்கு வேண்டாம்."

அப்போது மே பாதி. கையில் ஆறு வாரம்.

ஃபாலிக்கிள் என்பது ஒரு முட்டையும் அதைச் சுற்றியிருக்கும் செல்களும் சேர்ந்த ஒரு சிறு பை. சினைப்பை முழுக்க அப்படிப்பட்ட பைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளர்ச்சிக் கட்டத்தில். கடைசிக் கட்டத்தில் உள்ளே நீர் கோத்துப் பெரிதாகி நிற்பதுதான் கிராஃபியன் ஃபாலிக்கிள். புத்தகத்தில் இருக்கும் படம் எனக்கு மனப்பாடம். சினைப்பையை ஒரு முறைகூட நான் சீவியதில்லை.

"செய்றேன் மேடம்," என்றேன்.

சாச்சா ஹிந்தியில் சிரித்தபடி, "மதராஸி பாபு கோழியிடம் கேட்டுப் பார்க்கட்டும்," என்றார். அவர் எப்போதோ நிரந்தரமாகிவிட்டவர்.

மனிதச் சினைப்பை அவ்வளவு எளிதில் கிடைக்காது. ஆட்டினுடையது போதும், உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்று மேடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் ஒரு சின்ன ஜாடியில் ஃபார்மலினை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதியின் கறிக்கடைக்குப் போனேன். இனி நடந்ததற்குக் காரணம் என் தமிழ்வழிப் படிப்பு. எங்கள் பழைய உயிரியல் புத்தகத்தில் சினைப்பைக்கு 'அண்டகம்' என்று போட்டிருக்கும். பரீட்சைக்கு அந்த வார்த்தையை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஹிந்தியில் 'அண்டகோஷ்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்த ஞாபகம். அண்டகம், அண்டகோஷ். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்?

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு, படித்தவன் தோரணையில் கேட்டேன்.

"பையா, பக்ரி கா அண்டகோஷ் சாஹியே. தஸ் ஜோடி."

வெட்டுக்கத்தி பாதியில் நின்றது.

"பக்ரி கா?"

"ஹாங், பக்ரி கா. பக்ரே கா நஹீ." பெட்டையுடையதுதான், கடாவுடையது வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன்.

முதலில் சிரித்தது கீமா வாங்க நின்ற ஒரு சர்தார்ஜி. அப்புறம் கடையே சிரித்தது. அவர்தான் என் தோளில் கைபோட்டு ஹிந்தியில் விளக்கினார். "பேட்டா, அண்டகோஷ் கடாவுக்குத்தான் இருக்கும். அதைத்தான் கபூரா என்று மசாலா போட்டு விற்கிறார்கள். உன் பெட்டை ஆட்டுக்கு அது எங்கிருந்து வந்தது?"

நான் கேட்டது பெட்டை ஆட்டின் விதைப்பையை. அதுவும் பத்து ஜோடி.

காது சூடாக, நான் தேடுவது அதுவல்ல, பெட்டையின் வயிற்றுக்குள் கர்ப்பப்பையின் ஓரத்தில் இருக்கும் அண்டாஷய் என்று திருத்திச் சொன்னேன். கடைக்காரரின் சிரிப்பு நின்றுபோனது. என் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு தலைக்குமேல் தொங்கிய பலகையைக் கத்தியால் காட்டினார். 'இங்கே கடா மட்டும்' என்று எழுதியிருந்தது.

"நான் பெட்டையை வெட்டுவதில்லை. யார் அனுப்பினார்கள் உன்னை? எந்த டிபார்ட்மென்ட்?"

அன்றும் மறுநாளும் ஐந்து கடை ஏறினேன். சரியான வார்த்தையைத்தான் சொன்னேன், ஆனால் சரியான வார்த்தையே தப்பாகப் போனது. கடா என்று சொல்லிக் கடா விலைக்கு விற்கிற இடத்தில் போய், பெட்டை ஆட்டின் உறுப்பைக் கொடு என்றால் என்ன அர்த்தம்? ஒருவர் என்னை இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

சாயங்காலம் அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "இன்னாடா, மூஞ்சி சுண்டிக் கெடக்குது?"

"பெட்ட ஆட்டோட சினைப்பை வேணும்மா. எங்கியும் கெடைக்கல."

"சினையா இருக்கற ஆட்ட எவன்டா வெட்டுவான்? பாவம்டா அது."

"சினை இல்லம்மா. அது சும்மா பேரு. உள்ள முட்டை இருக்குமே, அந்தப் பை."

அம்மா மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆடு எந்த ஊர்லடா முட்ட போடுது? இதுக்கா ரெண்டு பஸ்ஸு மாறிப் போய்ப் படிச்ச?"

"போடாதும்மா. உள்ளயே இருக்கும். கண்ணுக்கே தெரியாது. எல்லாப் பொம்பளைக்கும் இருக்கு. உனக்கும் இருக்கு."

"எனக்குமா?" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிசைந்த மாவு மூக்கில் ஒட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தாள். நான் கோபமாக, காண்ட்ராக்ட், ஐம்பது ஸ்லைடு, ஜூன் கடைசி என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"வேல போயிடுமா?"

"போயிடும்."

கொஞ்ச நேரம் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பெட்ட ஆடு வெட்டுற எடம் எனக்குத் தெரியும். பதினஞ்சு வருசமா நான் அங்கதான் கறி வாங்கறன். நீங்கல்லாம் தின்னு வளந்ததே பெட்ட ஆட்டுக் கறிதான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தின்னுவாரா? கடாக் கறி, கடாக் கறின்னு எலும்ப உறிஞ்சி உறிஞ்சித் தின்னாரு. கிலோவுக்கு அம்மாங் கொறச்சலு. உனக்கு நோட்டுப் புஸ்தகம் எங்கேந்து வந்துச்சின்னு நெனச்ச?"

மறுநாள் விடிந்ததும் என்னை அழைத்துக்கொண்டு போனாள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, பலகை எதுவும் கிடையாது. அங்கே அம்மா வாடிக்கைக்காரி. "பாய், மேரா பேட்டா ஹை. டாக்டர் லோக் கோ படாத்தா ஹை," என்று என்னை அறிமுகப்படுத்தினாள். டாக்டர்களுக்கே பாடம் நடத்துகிறவன் நான். திருத்த வாயெடுத்தேன், காலை மிதித்தாள். கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு ஆட்டுக்கு நாற்பது ரூபாய் என்று அம்மா பேசி முடித்தாள். குப்பைக்குப் போகிற பொருளுக்கு நாற்பது ஜாஸ்தி என்று திரும்பி வரும்போது புலம்பினாள்.

அன்று மூன்று ஆடு. குடலோடு ஒதுக்கிவைத்த கர்ப்பப்பையை அம்மா கையில் எடுத்து நீட்ட, நான் அதன் இரண்டு ஓரத்திலும் தேடினேன். ஒவ்வொரு பக்கமும் ராஜ்மா அளவில் ஒரு உறுப்பு. அதன் மேல் ஊறவைத்த ஜவ்வரிசி ஒட்டியதுபோல் பளபளவென்று கொப்புளங்கள். அவைதான் ஃபாலிக்கிள்கள், வெறுங்கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்தவை.

"இதுவா?" என்றாள் அம்மா. "இத்தக் கொழுப்புன்னு நெனச்சி எத்தினி தடவ அரிஞ்சிப் போட்டிருக்கறன்."

ஆறு சினைப்பைகளை ஜாடியில் போட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக் கல்லூரிக்குப் போனேன்.

பன்னிரண்டு நாள் வீணாயின. கொப்புளங்களில் பெரிதாக இருந்ததைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன், பெரிதென்றால் நன்றாகத் தெரியும் என்று. ஃபார்மலினில் ஊறி ஆல்கஹாலில் நீர் வற்றியபோது பெரிய கொப்புளங்கள் காற்றுப் போன பலூன்போல் உள்ளே அமுங்கிவிட்டன. அமுங்காமல் தப்பிய ஒன்றைச் சீவினேன். உள்ளே குழி தெரிந்தது, குழியைச் சுற்றிச் செல்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன, முட்டை மட்டும் இல்லை. இன்னொன்றைச் சீவினேன். அதிலும் இல்லை. போதாததற்கு மே மாத வெயில். மெழுகுக் கட்டி இளகி, மைக்ரோடோம் என்கிற அந்தச் சீவும் எந்திரத்தின் பிளேடில் அப்பிக்கொண்டது. வாசலில் ஷிகஞ்ஜி என்கிற எலுமிச்சை ஜூஸ் விற்கிற வண்டிக்காரரிடம் தினமும் ஐஸ் வாங்கிக் கட்டியை அதன்மேல் கவிழ்த்துக் குளிரவைத்துச் சீவினேன்.

சாச்சா தினமும் காலையில் உள்ளே வரும்போது ஒரே கேள்விதான். "அண்டா மிலா?" முட்டை கிடைத்ததா. ஒருநாள் நான் வரும்போது மைக்ரோடோமின் மேல் ஒரு அவித்த முட்டை இருந்தது, பக்கத்தில் காகிதத்தில் மடித்த உப்பும். பிரெட் ஆம்லெட் வண்டியில் வாங்கிவந்து வைத்திருக்கிறார். பசியாக இருந்தது, சாப்பிட்டுவிட்டேன். அது சாச்சாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது, நான் கோபப்படுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

முட்டையை மென்றுகொண்டேதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகைச் சீவும்போது சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன்போல் நீளமாக வரும். ஐம்பது சீவலுக்கு ஒன்றை எடுத்து ஸ்லைடில் ஒட்டிவிட்டு மீதியைக் குப்பையில் போடுவோம். சாச்சா அப்படித்தான் செய்வார், அவரைப் பார்த்து நானும். கல்லீரலுக்கு அது சரி. கல்லீரலை எங்கே வெட்டினாலும் கல்லீரல்தான். சினைப்பை அப்படி இல்லையே. முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நான் சீவுகிற கனத்துக்கு ஒரு முட்டை பதினெட்டுச் சீவலில் முடிந்துவிடும். முந்நூறு, நானூறு சீவலுக்கு நடுவே எங்கோ ஒரு பதினெட்டு. ஐம்பதுக்கு ஒன்று பார்க்கிறவன் அதைத் தாண்டிப் போய்விடுவான். பன்னிரண்டு நாளாக முட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சுருண்டு ஒட்டிக் கிடந்தது. அதில் ஒன்றும் தேற்ற முடியவில்லை.

மேடத்திடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ என்ன பண்ணப்போற?"

"ஒரு சீவலைக்கூடத் தூக்கிப் போடாம, வரிசையா வெச்சுக்கப் போறேன் மேடம். பெரிய ஃபாலிக்கிளை விட்டுட்டு நடுத்தரமானதா எடுக்கப் போறேன். ஒரு முட்டைக்குப் பதினெட்டு. மூணு முட்டை கெடைச்சா அம்பத்து நாலு."

"ஜல்தி," என்றார் மேடம். "ஆபீஸ்ல கொட்டேஷன் கேட்டாச்சு."

புதுச் சினைப்பை வேண்டும். மறுநாள் காலை எனக்குச் சாயக்கரைசல் தயாரிக்கும் வேலை, நகர முடியாது. அம்மாவிடம் ஃபார்மலின் ஜாடியை முந்தின நாளே கொடுத்து, வெட்டிய உடனே இதில் போட வேண்டும், மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பத்து மணிக்குக் கல்லூரி வாசல் காவலரிடமிருந்து போன் வந்தது.

"உங்கள் அம்மா வந்திருக்கிறார். ஒரு ஜாடி கொண்டுவந்திருக்கிறார். என்னவென்று கேட்டால் பக்ரி கா அண்டா என்கிறார். உள்ளே விடட்டுமா?"

ஓடினேன். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஜாடியைக் குழந்தைபோல் இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான்கு ஆடு, எட்டுச் சினைப்பை. ஒவ்வொன்றையும் தானே அறுத்தெடுத்திருக்கிறாள். கொழுப்பைக்கூட நறுக்கி நீக்கியிருந்தாள்.

"மெட்ரோல இத்த வுடமாட்டான்னு ஆட்டோ புடிச்சன். நூத்தித் தொண்ணூறு கேட்டான், குடுத்துட்டன்."

"காலைல வேலை?"

"ரெண்டு வூட்ல லீவு சொல்லிட்டன். மூணாவது வூட்டுக்குப் போவணும்." காவலரைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "மேரா பேட்டா. டாக்டர் லோக் கோ படாத்தா ஹை," என்றாள். காவலர் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். இந்த முறை நான் திருத்த முயலவில்லை.

உள்ளே வந்து பார் என்று கூப்பிட்டேன். "நேரமாவுது," என்று போய்விட்டாள்.

அந்த எட்டிலிருந்து, ஜவ்வரிசி அளவுக்கு மேல் போகாத கொப்புளங்கள் இருக்கிற மூன்றைப் பிரித்தேன். சீவத் தொடங்கியதும் ஒவ்வொரு ரிப்பனையும் கறுப்பு சார்ட் காகிதம் விரித்த மிட்டாய் டப்பாக்களில் வரிசைப்படி கிடத்தி, ஓரத்தில் எண் போட்டேன். தீபாவளிக்கு அம்மாவுக்கு வேலை வீடுகளில் கொடுத்த டப்பாக்கள் அவை. மின்விசிறியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரிப்பன் பறக்கும். வியர்வை சொட்டக் கூடாது என்பதற்காக நெற்றியில் கர்ச்சீப் கட்டிக்கொண்டேன். சாச்சா எட்டிப்பார்த்து, "என்ன, ரிக்‌ஷா ஓட்டப் போகிறாயா?" என்றார். ஆனால் அன்று மாலை அவரும் தன் மேஜை விசிறியை அணைத்துவைத்திருந்ததைப் பார்த்தேன்.

இருபதுக்கு ஒன்றைச் சாயமேற்றிப் பார்த்தேன். முதல் டப்பாவின் நூற்று அறுபதாவது சீவலில் குழி தெரிந்தது. நூற்று எண்பதாவதில் குழியின் ஒரு பக்கச் சுவர் உள்பக்கமாக மேடு தட்டியிருந்தது. முட்டை உட்கார்ந்திருக்கிற செல்மேடு அது. இருநூறாவது சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குவியத்தைத் திருகினேன்.

இருந்தது.

நான் பார்த்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். சினைப்பையின் வெளி விளிம்பில் ஒரே வரிசையாகச் செல்கள். அதற்குக் கீழே இறுக்கமான நார்ப்பட்டை. அதை ஒட்டி, கூட்டம் கூட்டமாகச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு முட்டை, அதைச் சுற்றி ஒரே அடுக்கில் தட்டையான செல்கள். வளர்ச்சி தொடங்காமல் காத்திருப்பவை. கொஞ்சம் உள்ளே நகர்ந்தால், தட்டையான செல்கள் பருத்துச் சதுரமாகியிருக்கின்றன. இன்னும் உள்ளே, ஓர் அடுக்கு நாலைந்து அடுக்காகியிருக்கிறது. முட்டையும் பெரிதாகி, தன்னைச் சுற்றிக் கண்ணாடி வளையல்போல் ரோஸ் நிறத்தில் ஒரு வளையத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு நார் உறை. அடுத்ததில் செல்களுக்கு நடுவே அங்கங்கே நீர்த்துளிகள். அதற்கடுத்ததில் துளிகள் சேர்ந்து குளமாகிவிட்டன. குளத்தின் ஓரத்தில், செல்மேட்டின் மேல், வளையலுக்குள் முட்டை. அதற்குள் வெளிறிய வட்டமாக உட்கரு, உட்கருவுக்குள் கரும்புள்ளி. உட்கரு விழுகிற சீவல் ஒரு முட்டைக்கு நாலைந்துதான் கிடைக்கும். முதல் தடவையே எனக்கு அது விழுந்திருந்தது.

எங்கள் வம்சத்தில் இதைப் பார்த்த முதல் கண் என்னுடையது என்று நினைத்தேன். கொஞ்சம் அதிகப்படியான நினைப்புதான். ஆனால் உண்மை.

மேடத்தைக் கூப்பிடவில்லை. ஒரு முட்டைக்கே ஓடிப்போய்க் காட்டக் கூடாது என்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த சீவல்களை ஒவ்வொன்றாக வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கிக் கண்ணாடியில் ஏந்தினேன். பதினெட்டு. கணக்கு சொன்ன அதே பதினெட்டு. இரண்டாவது சினைப்பையிலும் மூன்றாவதிலும் அப்படியே. ஒரு ஸ்லைடு கைதவறி உடைந்தது. ஐம்பத்து மூன்று நின்றது. ஜூன் மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

தட்டுகளை மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவராகவே நடுவிலிருந்து ஒன்றை உருவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நான் எடுத்துக்கொடுத்ததை வாங்கவில்லை. வெகுநேரம் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். இன்னொன்று. இன்னொன்று. பத்தாவதுக்குமேல் எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

"இந்த ஓரத்துல சுருங்கிக் கெடக்கே, இது என்னன்னு தெரியுமா?" என்றார் கண்ணை எடுக்காமல்.

"பாதியில நின்னுபோன ஃபாலிக்கிள் மேடம். அந்தப் பக்கம் வெட்டுல கொஞ்சம் அழகு கெட்டுப்போச்சு. வேணும்னா..."

"அழகு கெடலை. அதுதான் ஜாஸ்தி இருக்கும். கிளம்பறது ஒரு கூட்டம், போய்ச் சேர்றது ஒண்ணு. எல்லாரும் கிராஃபியனையே தேடுவா. நின்னுபோனதையும் பசங்க பாக்கணும். நீ அதையும் விடாம வெச்சிருக்கியே, அதான் நன்னா இருக்கு."

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட என் பள்ளிச் சிநேகிதர்கள் இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சாச்சாவும் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "எத்தனை சீவலை ஒட்டாமல் வைத்திருக்கிறாய்?" என்று ஹிந்தியில் கேட்டார். எழுநூற்றுச் சொச்சம் என்றேன். "அடுத்த முறை எனக்கும் ஒரு டப்பா கொண்டுவா," என்றார். மேடம் இருக்கும்போதே சொன்னார்.

அன்று மாலை மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் போனை வைத்துப் பிடித்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதான் முட்டையா? இத்தினூண்டு இருக்கறதுக்கு இம்மாங் காவலா?"

"ஆமாம்மா. சுத்தி இருக்கற அத்தனையும் அதுக்காகத்தான்."

"எனக்குள்ளயும் இப்புடித்தான் இருந்துச்சா?"

"இப்படியேதான்."

மறுபடி பார்த்தாள். "நல்லாத்தான் கட்டி வெச்சிருக்கறன்," என்றாள். அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். மூன்று வீட்டிலும் காட்டியிருக்கிறாள். மூன்றாவது வீட்டு அம்மாள் ஏதோ டிசைன் என்று நினைத்து, இந்த மாதிரி பெட்ஷீட் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். "பெட்ஷீட்டாம். எம்புள்ள வெட்டி எடுத்த முட்டடீன்னு சொல்லத் தோணுச்சி. இந்தியில சொன்னா அவளுக்கு வெளங்குமோ இன்னாவோன்னு வுட்டுட்டன்."

லெட்டர் எழுதுவதற்கு முன்னால் மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஆபீஸ் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். உள்ளயே பண்ணினா என்ன செலவுன்னு. பில் எல்லாம் கொண்டு வா."

பில் ஏது? சந்துக் கடைக்காரர் பெட்டை வெட்டியதாகக் காகிதத்தில் எழுதித் தருவாரா? நடந்ததைச் சொன்னேன், கடையை மட்டும் சொல்லவில்லை. மேடம் சிரித்துவிட்டு, "அப்போ ஒரு வெள்ளைத்தாள்ல நீயே எழுதிக் கையெழுத்துப் போடு. நான் அட்டெஸ்ட் பண்றேன். ஆனா ஒண்ணு விடாம எழுதணும்," என்றார்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஏழு ஆடு, நாற்பது வீதம், இருநூற்று எண்பது. ஆட்டோ நூற்றுத் தொண்ணூறு. ஒன்பது நாள் ஐஸ் நூற்று எண்பது. கறுப்பு சார்ட் நாலு, அறுபது. அவ்வளவுதான் என்று கோடு போடப் போனேன்.

"இருடா. ரெண்டு வூட்ல அன்னிக்கிச் சம்பளத்தப் புடிச்சாங்களே, அது?"

"அதை எப்படிம்மா ஆபீஸ்ல காட்டறது?"

"எப்புடின்னா? நான் இன்னா சும்மா சுத்திப் பாக்கவா போனன்? நானும் வேலதான செஞ்சன். எழுது. ஒரு வூட்ல நூத்தம்பது, இன்னொண்ணுல நூத்தி இருவது."

எழுதினேன். 'சினைப்பை சேகரித்தவரின் ஒரு நாள் ஊதியம்' என்று ஆங்கிலத்தில் போட்டு, எதிரே அவளையே கையெழுத்துப் போடச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போட்டாள். மேடம் அந்த வரியில் விரலை வைத்துப் படித்துவிட்டுக் கீழே சான்றொப்பமிட்டார். தாளைக் கடிதத்தோடு குண்டூசியால் குத்தி மேலே அனுப்பினார். ஜூலை இரண்டாவது வாரத்தில் எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. பின்னால் ஒருநாள் ஏதோ வேலையாக ஆபீசுக்குப் போனபோது அந்தக் கோப்பு மேஜையில் விரிந்து கிடந்தது. என் கையெழுத்து, அம்மாவின் கையெழுத்து, மேடத்தின் கையெழுத்து, கடைசி வரிக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் சரி என்று குறியிட்டிருந்தார்கள். ஐம்பத்து மூன்று ஸ்லைடுக்கு மொத்தச் செலவு, தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.